வால் விளக்கு

மூடி கழற்றிய மஞ்சள் காரில் இரண்டு தலைகள் தெரிந்தன. வலப்பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது கோகிலவாணி, நாச்சிமுத்துவின் மனைவி. தேங்காய் மட்டை உரிக்கிற பெண்கள் மாதிரி நீலத் துண்டு ஒன்றைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். இடப்பக்கம் சஞ்சீவி, எஞ்சின் டியூன் செய்கிறவன். காற்றுக்குத் தொப்பி பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எதையோ காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தான். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய சின்ன டிரெய்லர், அதில் தார்ப்பாய் போர்த்திய கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி, அதற்கும் பின்னால் ஆம்னி வேனில் நாச்சிமுத்து. இரண்டு தலைகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று உடுமலையில் புறப்பட்டதிலிருந்து அளந்துகொண்டே வந்தார். ஒரு சாண். சில நேரம் ஒரு சாணுக்கும் குறைவு. கார் அப்படி, அதில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்காமல் வர முடியாது, குழந்தைக்குச் செய்த மாதிரி சின்னக் கார், இது அவருக்குத் தெரியாததில்லை, வாங்கியதே அவர்தான். தெரிந்தும் என்ன, கண் அளந்துகொண்டேதான் இருந்தது. அந்த டிரெய்லருக்குப் பிரேக் லைட் கிடையாது. காரின் விளக்குகளையோ டிரெய்லரின் பின்பலகை மறைத்துவிடும். அவள் பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் ஒட்டினாற்போல ஒரு வண்டி, நாலு மூலையும் மினுக்கிக்கொண்டு, பின்னாலேயே போக வேண்டும். ‘நான் வர்றேன் பின்னாடி’ என்று இவர்தான் வாய்விட்டுச் சொன்னார். அப்போது அது காவல் மாதிரித் தோன்றியது. இப்போது யோசித்துப் பார்த்தால், தேங்காய் நார் மில் முதலாளி நாச்சிமுத்து ஐம்பது வயதில் ஒரு பல்புக்குப் பதிலாக ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். யார் கேட்டார்கள் இந்தக் காரை. கோயமுத்தூரில் ஒரு மில்காரர் மகன் விற்கிறான் என்று காதில் விழுந்ததும், சின்ன வயசு ஆசை, ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். அந்த மாதமே முதுகு போயிற்று. தண்டுவடத்தில் இரண்டு எலும்புக்கு நடுவில் சவ்வு பிதுங்கியிருக்கிறது, தாழ்ந்த சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இந்தக் காரின் சீட்டோ தரைக்கு ஒரு முழம்தான் மேலே. அப்புறம் அது மில் கொட்டகையில் நார்த்தூசி படிந்து நின்றது. ‘பேட்டரி செத்துப் போயிருமுங்க, நான் ஒரு சுத்துப் போயிட்டு வரட்டுங்களா’ என்று கோகிலவாணி சாவியைக் கேட்டது எந்தக் கிழமை, அன்றைக்கு மட்டும் இவர் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்தார். மட்டை காயப்போடும் களத்தில் அவள் வட்டம் அடிப்பதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்போது நன்றாகத்தான் இருந்தது. சர்வீசுக்கு வந்த சஞ்சீவி அதே களத்தில் நின்று பார்த்துவிட்டு, ‘அக்காவுக்குக் கை இருக்குதுங்ணா, திருப்பத்துல பாருங்க, வண்டி அவங்க பேச்சக் கேக்குது’ என்றானே, அன்றைக்குத்தான் முதல் முள். இருபது வருசம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாத கை, ஆயில் மாற்ற வந்தவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கார்ட், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, இன்றைக்குச் செட்டிபாளையத்துப் பக்கம் பெண்களுக்கான கார்ட் பந்தயம். கார்ட்டை இழுத்துப் போக மஞ்சள் காருக்கு அடியில் கொக்கி வைத்தவனும் அவனே. தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் அவன்தான் செய்திருக்கிறான். இவர் செய்தது காசோலையில் கையெழுத்துப் போட்டது மட்டும்.

இதோ, சிரிக்கிறாள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் தோள் குலுங்குவது தெரிகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் தோள்தான் குலுங்கும், வாய் பிறகு. அப்படி என்ன சொல்லியிருப்பான் இந்தப் பயல். இவரைப் பற்றியா. ‘அண்ணன் பின்னாடி வர்றதப் பாத்தா மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்குதுங்க்கா’ என்று சொல்லியிருப்பானோ. சொல்லக்கூடியவன்தான். அக்கா, அக்கா என்று வாய்க்கு வாய் அக்கா. அந்தச் சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா. சீச்சீ, என்ன நினைப்பு இது. கோகிலவாணி அப்படிப்பட்டவளா. இல்லை. இல்லவே இல்லை. பிறகு ஏன் சாய்கிறாள். மறுபடியும் சாய்கிறாள் பார், இடப்பக்கமாக, அவன் தோளை ஒட்டி, ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு நிமிர்கிறாள். உடுமலை தாண்டியதிலிருந்து எத்தனை சாய்வு. ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்க வேண்டாமா. கல்யாணமான புதிதில் இவருடைய மோட்டார் சைக்கிளில் பழனிக்குப் போனார்கள். வழி முழுக்க அவள் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாளே ஒழிய இவர் தோளில் கை வைக்கவில்லை. ‘புடிச்சுக்க’ என்று சொல்ல வாய் வரவில்லை இவருக்கும். சொல்லியிருந்தால் பிடித்திருப்பாளோ. முன்னால் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பவள் முகம் தெரியாது, அன்றைக்கு அவள் மலையைப் பார்த்தாளா, இவர் பிடரியைப் பார்த்தாளா, சிரித்தாளா, ஒன்றும் தெரியாது. இன்றைக்கு இவர் பின்னால் இருக்கிறார், இன்றைக்கும் முகம் தெரியவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் அவள் முகம் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் இவருக்கு விதித்திருக்கிறது.

பொள்ளாச்சி வரைக்கும் காற்று எதிர்க்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழமொழி இல்லை, பார்த்த சங்கதி. பாலக்காட்டுக் கணவாய் வழியே அது கட்டவிழ்த்துக்கொண்டு வரும். பொள்ளாச்சியில் கோயமுத்தூர் ரோட்டுக்குத் திரும்பியதும் அதே காற்று இடப்பக்க விலாவில் அடிக்க ஆரம்பித்தது. வேனே லேசாகத் தள்ளாடியது. அப்போதுதான் நாச்சிமுத்து தலைகளை விட்டுவிட்டு டிரெய்லரைப் பார்த்தார். வால் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை, வலமும் இடமும் ஒரு நாலு விரற்கடை, மாடு ஈ ஓட்டுகிற மாதிரி. நின்றது. ஆச்சிப்பட்டி தாண்டி மறுபடியும் ஆடியது. காரின் பின்பக்கம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கியிருந்தது. ஏன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாரம் பின்னால் இருக்கிறது. இவர் வைத்த பாரம். சஞ்சீவி முதல் நாளே சொன்னான், ‘மூக்குல பாரம் இருக்கோணுமுங்ணா, வாலுல இருந்தா ஆடும், ஆட ஆரம்பிச்சுதுன்னா இந்தச் சின்னக் காரையே தூக்கிப் போட்டுரும்.’ லாரி லாரியாக நார்க்கட்டு ஏற்றுகிறவனுக்கு இவன் பாடம் சொல்கிறான் என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருந்தார், வாராவாரம் கருவிப் பெட்டி, டயர்கள், பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் முன்பக்கம்தான் வைத்தார். இன்றைக்குக் காலையில் முன்பக்கம் அவர்கள் நின்றார்கள். கொக்கி மாட்டுகிறேன் பேர்வழி என்று இரண்டு பேரும் குனிந்து, தலையோடு தலை முட்டுகிற மாதிரி, எதற்கோ சிரித்துக்கொண்டு. கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொல்ல வேண்டும். தன் வீட்டு வாசலில், தன் பெண்டாட்டியிடமும் கூலிக்காரனிடமும். மாட்டேன் என்றது மனசு. பெட்டியைப் பின்னால் தொப்பென்று வைத்தார். டயர்களையும் அங்கேயே. கேனையும் அங்கேயே. தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சரிபார்க்க வந்த சஞ்சீவியிடம் கோகிலவாணி சொன்னாள், ‘அவுரு ஏத்துனாப் பாக்க வேண்டியதில்ல சஞ்சீவி. இருவது வருசமா லோடு ஏத்துற கை.’ இவர் காதில் விழுந்தது. விழுந்தும் பேசாமல் வேனில் ஏறினார்.

சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது, ஓரமாக நிறுத்தி முன்பக்கம் மாற்றி வைத்தால் டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஹாரன் அடிக்கக் கூடாது, இரண்டு ஹாரன் அடித்தால் நிறுத்து என்று பேசி வைத்திருந்தது, அடித்தால் அவள் பிரேக்கை மிதிப்பாள், ஆடுகிற நேரத்தில் மிதித்தால் டிரெய்லர் வந்து காரை மடக்கிவிடும். போன்தான் பண்ண வேண்டும். போன் யாரிடம் இருக்கிறது. அவள் ஓட்டுகிறாள், அவள் போன் அவன் மடியில் இருக்கிறது. அவள் போனை எடுத்து ‘சொல்லுங்ணா’ என்பான் அவன். தன் பெண்டாட்டி போனில் இன்னொருத்தன் குரல், அதற்கு இவர் சொல்ல வேண்டும், தம்பி, பாரத்தைப் பின்னால் வைத்துவிட்டேன். ‘அப்புடிங்களாண்ணா’ என்பான். அதோடு விடமாட்டான், ‘பரவால்லீங்ணா’ என்பான். அந்தப் பரவாயில்லையைக் கேட்பதற்கு ரோட்டிலேயே இறங்கி நடக்கலாம். அவளிடம் திரும்பி, ‘அக்கா, அண்ணன் லோடைப் பின்னாடி ஏத்திட்டாராமா’ என்பான், அவள் என்ன சொல்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், தோள் குலுங்கும். அந்தத் தோளை இங்கே உட்கார்ந்து இவர் பார்க்க வேண்டும். வேண்டாம், கோயில்பாளையம் வரட்டும். கோயில்பாளையம் வந்தது. டீக்கடையில் நிறுத்துவாள், அப்போது சாவதானமாக, ஏதோ சந்தேகத்துக்குப் பார்க்கிற மாதிரி, தார்ப்பாயைத் தூக்கி மாற்றிவிடலாம். அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள். சாய்கிறாயா, சாய். வால் ஆடியது. கொஞ்சம் ஆடட்டுமே என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அது யார் குரல் என்று நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஆடினால் என்ன. சிரிப்பு நிற்கும். பயந்து போவாள். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றும். நிறுத்தி இறங்கி வந்து வேன் கதவைத் திறந்து, ‘எனக்கு வேண்டாமுங்க மாமா, வீட்டுக்குப் போலாம்’ என்பாள், அந்தப் பயல் நடு ரோட்டில் தொப்பியோடு நிற்பான். மாமா. அவள் அப்படிக் கூப்பிட்டுத்தான் எத்தனை நாளாகிறது. அந்த ஒரு சொல்லை நினைத்துக்கொண்டே வந்தவர், வேனுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போவதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தார். ஒட்டியே வரவேண்டியவர் ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தினார். டிரெய்லர் கவிழ்ந்தால் வேன் அதன்மேல் ஏறிவிடக் கூடாதே என்று கால் யோசித்தது. கால் தன் முதலாளியைக் காப்பாற்றியது. மனசு இன்னும் போனைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தது.

தாமரைக்குளம் போனது. ஆடிற்று, நின்றது, ஆடிற்று. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இனி ஆடாது என்று தோன்றியது, ஒவ்வொரு தடவை ஆடும்போதும் அடுத்த ஊரில் சொல்லலாம் என்று தோன்றியது. ஊருக்கு என்ன, வந்துகொண்டேதான் இருந்தது. கிணத்துக்கடவு மேம்பாலம் ஏறினார்கள். மேலே காற்றுக்கு மறைப்பே இல்லை. இறக்கத்தில் கார் தன்னால் வேகம் பிடித்தது, அந்த நேரம் பார்த்து ஒரு டேங்கர் லாரி வேனைத் தாண்டி, இவர் விட்டிருந்த இடைவெளியில் சாவகாசமாக நுழைந்து, மஞ்சள் காரை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. லாரி கிளப்பிய காற்று ஒரு நொடி தள்ளி மறுநொடி இழுத்தது. டிரெய்லர் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. நாலு விரற்கடை இல்லை இப்போது, ஒரு முழம், ஒரு கஜம், கார்ட்டோடு சேர்ந்து மொத்தமாக வீசியது, அதன் வீச்சுக்குக் காரின் பின்பக்கம் தரையில் ஒட்டாமல் அப்படியும் இப்படியும் உதறியது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் பக்கத்தில் இருந்தது. சுவருக்குக் கீழே ஊர் இருந்தது. நீலத் துண்டு அசையவில்லை. சாமி, மிதிச்சராதே. கோகிலா, பிரேக்கை மிதிச்சராதே. நாச்சிமுத்துவின் மனசில் அப்போது சஞ்சீவி இல்லை, சாய்வு இல்லை, ஒரு சாண் இல்லை, அந்த நீலத் துண்டு மட்டும்தான் இருந்தது. விரல் எப்போது போனைத் தொட்டது என்றே அவருக்குத் தெரியாது.

“சொல்லுங்ணா.” சஞ்சீவியின் குரல் நடுங்கியது.

“பிரேக்கத் தொட வேண்டாம்னு சொல்லுடா. காலை மட்டும் எடுக்கச் சொல்லு. ஸ்டீயரிங்கத் திருப்ப வேண்டாம்னு சொல்லு, நேராப் புடிக்கச் சொல்லு.”

“எடுத்துட்டனுங்க.” அது கோகிலவாணியின் குரல், பக்கத்திலிருந்து, குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்று சொல்கிற அதே குரலில். “நீங்க பக்கத்துல வந்தராதீங்க.”

வீச்சு ஒரு முழமானது, சாணானது. கார் தன்பாட்டுக்கு வேகம் இழந்து, பாலம் இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்றது. நாச்சிமுத்து நன்றாகத் தள்ளிப் பின்னாலேயே வேனை நிறுத்தினார். இறங்கி நடந்து வந்தார். சஞ்சீவி மைல்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக இவரிடம் வந்தாள்.

“முதுகு வலிக்குதுங்களா?”

அவருக்குப் புரியவில்லை. “என்னது?”

“கோயில்பாளையத்துலருந்து தள்ளித் தள்ளி வந்தீங்களே. முதுகு புடிச்சுக்கிச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். பாலம் எறங்குனதும் நிறுத்தி உங்களப் படுக்க வெச்சுட்டு, சஞ்சீவிய வேன் ஓட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அக்கா வழி நெடுக உங்களத்தாண்ணா பாத்துட்டு வந்தாங்க” என்றான் சஞ்சீவி, தண்ணீரை விழுங்கிக்கொண்டே. “உள்கண்ணாடியில கார்ட்டுதான் தெரியுது. நீங்க ஓரமா வர்றதால வலதுலயும் தெரிய மாட்டேங்குது. என் பக்கத்துக் கண்ணாடியில எட்டி எட்டிப் பாத்தாங்க. கொஞ்சம் பின்னாடி சாஞ்சுக்கடான்னு என்னயும் திட்டுனாங்க. அண்ணன் இல்லாம ஒட்டுனாப்புல வேற வண்டி வந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு.”

நாச்சிமுத்து காரின் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. எத்தனை சாய்வு என்று எண்ணிக்கொண்டு வந்தாரோ அத்தனை தடவையும் அவள் அந்தக் கண்ணாடிக்குள் இவரைத் தேடியிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய சங்கதி. அவர் கண் டிரெய்லரின் தார்ப்பாய்க்குப் போனது. முதுகுதான் என்று சொல்லிவிடலாம். வலிக்கிறது என்றால் நம்புவாள், படுக்க வைப்பாள், பிடித்துவிடுவாள். வழி அவளே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

“ஆமா” என்றார். “கொஞ்சம் புடிச்சுக்கிச்சு.”

அவள் தலையாட்டிவிட்டு டிரெய்லருக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். கருவிப் பெட்டி, டயர்கள், பெட்ரோல் கேன் எல்லாம் வாலில் வரிசையாக இருந்தன. மூக்குப் பக்கம் வெறும் பலகை. சஞ்சீவியும் எழுந்து வந்து பார்த்தான், பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தான். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“எப்பப் பாத்தீங்க ஆடறத?” என்றாள் கோகிலவாணி, திரும்பாமல்.

“இப்பத்தான். பாலத்துல.”

அப்போது திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேன் நின்ற இடத்தைப் பார்த்தாள், டிரெய்லரைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் இருந்த ரோட்டைப் பார்த்தாள். மறுபடியும் அவர் முகத்துக்கு அவள் கண் வரவில்லை. சஞ்சீவி பெட்டியைத் தூக்கப் போனான். ‘இரு’ என்று அவனை விலக்கிவிட்டு அவளே ஒவ்வொன்றாகத் தூக்கி முன்பக்கம் வைத்தாள். நாச்சிமுத்து கை கொடுக்கப் போனார். “உங்களுக்கு முதுகு வலிக்குது, நீங்க நில்லுங்க” என்றாள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கொக்கியை அமுக்கிப் பார்த்தாள். துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டாள்.

“சஞ்சீவி, நீ வேன்ல ஏறிக்க.”

“ஏனுங்க்கா, நான் இங்கயே…”

“பின்னாடி பாக்கறதுக்கு ஒருத்தர் இருக்கோணும்.”

அவன் ஒரு கணம் நாச்சிமுத்துவைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தான். கோகிலவாணி பக்கத்துச் சீட்டில் கிடந்த போனை முன்பலகையில் நிறுத்தி வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினாள். மஞ்சள் கார் டிரெய்லரோடு ரோட்டில் ஏறியது. நாச்சிமுத்து பின்னாலேயே ஒட்டிப் போனார், இந்தத் தடவை ஒரு வண்டிகூட நடுவில் நுழைய முடியாதபடி. முன்னால் ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. காலையிலிருந்து அவர் கேட்டது அதுதான்.

ஒத்தக்கால்மண்டபம் வருமுன் போன் அடித்தது. அவர் தன் போனைப் பார்த்தார். அடித்தது சஞ்சீவியின் போன். ஸ்பீக்கரில் கோகிலவாணியின் குரல் காற்றோடு சேர்ந்து வந்தது.

“இப்ப ஆடுதா?”

சஞ்சீவி முன்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். “இல்லீங்க்கா. நேராப் போகுது.”

நாச்சிமுத்துவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.